எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் வெள்ளைப் புள்ளிகள்

பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் எக்ஸ்சேஞ்ச் அம்மா. இருமலைக் கேட்டே எந்த வார்டு டாக்டர் பேசுகிறார் என்று சொல்லிவிடுவார். வெளியாட்கள் இதை மெச்சினார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. யார், எப்போது, எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று வார்த்தை பிசகாமல் சொல்லும் ஒருவரோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமா?

மறதிநோய் இல்லாத முதியவர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராயப்போவதாக அதே ஆஸ்பத்திரியில் அறிவித்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தம்பியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தார். இருவரையும் ஆளுக்கொரு முறை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். அது தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம் போட்டது.

படங்கள் வந்தன. தம்பியின் மூளை வயதுக்கு மீறிய இளமையோடு கொழுகொழுவென்று இருந்தது. அக்காவின் மூளை சற்றுச் சுருங்கி, அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளோடு இருந்தது. இந்த வயதில் இது பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம் என்றுதான் மருத்துவர் போனில் சொன்னார். மகள் சுருக்கம், புள்ளி என்ற முதல் பாதியைக் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டதால் மறுபாதி அவள் காதில் ஏறவில்லை.

தம்பி தன் படத்தைக் கடைக் கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் மூளையைப் பேணுவது எப்படி என்று பாடம் நடத்தினார். பாடம் நடத்திய சுவாரசியத்தில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பினார். இருவரும் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்கள். பாவம், கடைக்காரருக்கு வேலை அதிகம் என்று அவர்களே சமாதானம் சொன்னார்கள். படம்தான் நன்றாக இருக்கிறதே!

எக்ஸ்சேஞ்ச் அம்மா ஒருநாள் பேனா மூடியைத் தேடினார். மகள் அன்றே அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை ஒளித்துவைத்தாள்.

மருமகனுக்குத்தான் யோகம். ஒரு நாள் எக்ஸ்சேஞ்ச் அம்மா காய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஜன்னல் வைத்த அவருடைய அறையில் மருமகனின் மேசையும் கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருந்தன. கட்டில், ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.

“என்ன மாப்பிள்ளை இது?”

“நீங்கதானே அத்தை எடுத்துக்கச் சொன்னீங்க? ஞாபகம் இல்லையா?”

“நான் எப்போ சொன்னேன்?”

மருமகன் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு, “விடும்மா, நீ சொல்லியிருப்பே. உனக்குத்தான் புள்ளி இருக்கே” என்றாள்.

வாழ்நாளில் முதல்முறையாக எக்ஸ்சேஞ்ச் அம்மா தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டார். உண்மையிலேயே சொல்லியிருப்போமோ? ஸ்டோர் ரூமில் படுத்து, பழைய எக்ஸ்டென்ஷன் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் வந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் யாரையும் திருத்தவில்லை. வீடு அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

மறு பரிசோதனைக்கு மகளும் மருமகனும் காரில் கூட்டிப்போனார்கள். தம்பி வரவில்லை, மறந்துவிட்டாராம். அங்கே அம்மாவிடம் கதை சொல்லித் திருப்பிக் கேட்டார்கள், வார்த்தைகளைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துக் கேட்டார்கள். மருத்துவர் எல்லோரையும் உள்ளே அழைத்தார்.

“அம்மாவோட ஞாபகம் ரொம்ப நல்லா இருக்கு. வயசுக்கு மேலேயே இருக்கு.”

“அப்போ அந்தப் படம் பொய்யா டாக்டர்?” மகளின் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் கேட்டது.

“பொய் இல்லம்மா. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தா படத்துக்கும் ஞாபகத்துக்கும் கொஞ்சம் சம்பந்தம் தெரியும். ஒரு ஆளோட படத்தை மட்டும் வெச்சுக்கிட்டு அவங்களுக்கு ஞாபகம் இல்லைன்னு யாரும் சொல்லக் கூடாது. யாராவது சொன்னாங்களா?”

மருமகன் சுவரில் இருந்த கைகழுவும் முறையை அக்கறையாகப் படித்தார்.

திரும்பும்போது கார் சிக்னலில் நின்றதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“மாப்பிள்ளை, மேசையைக் கொண்டுவந்தது செவ்வாய்க்கிழமை. நீலச் சட்டை போட்டிருந்தீங்க. நான் உள்ளே நுழையும்போது இவகிட்ட, ‘சொன்னதா சொல்லிடு, அதுக்குத் தெரியவா போகுது’ன்னு சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. நான்தான் என் காதை நம்பலை.”

சிக்னல் பச்சையானது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கார் நகரவில்லை.

அன்று மாலையே மேசை ஹாலுக்குப் போனது. மகள் சமையலறையில் வந்து நின்று, “மன்னிச்சிடும்மா” என்றாள். “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார் அம்மா.

மறுநாள், அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லலாம் என்று போனை எடுத்தார். எவ்வளவு யோசித்தும் மருத்துவரின் பெயர் வரவில்லை. பேசாமல் போனை வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.