கடற்கரையில் உங்களுக்கு என்ன தேவை?

தலைவரே, என் ராத்தாவின் பின்னேரத்தை நீங்கள் திருடிவிட்டீர்கள்.

பூசி மெழுக எனக்கு வராது. கல்முனைப் பக்கக் கரையோர ஊர் ஒன்றின் பள்ளிவாசல் தலைவரைத்தான் சொல்கிறேன். வாசித்தால் அவருக்கே விளங்கும்.

போன கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம். பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு இல்லாத நேரத்தில் அது கரகரத்தால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் — யாரோ மவுத்து, ஊரில் ஒரு சாவு. கடற்கரைக்குக் கொண்டுபோக பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ராத்தா, என் அக்கா, கையை நிறுத்தி, "இன்னா லில்லாஹி..." என்று சொல்லியும் விட்டார்.

வந்தது வேறு அறிவித்தல். இனிமேல் அஸருக்குப் பிறகு பெண்கள் கடற்கரையில் கூடி இருக்கக் கூடாதாம்.

பக்கத்து வீட்டு ஜெசீமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தண்ணீர் மோட்டர் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"ஆருகா மவுத்து?"

"நம்மட சிரிப்புத்தான்கா. எப்ப அடக்கமெண்டுதான் சொல்லல்ல."

சொல்லிவிட்டு ராத்தா தேத்தண்ணியைத் திரும்பக் கேத்தலுக்குள் ஊற்றினார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் தலைவரைப் பிடித்தேன்.

"ஹாஜியார், அவங்க அங்க என்ன குற்றம் செஞ்ச?"

"குற்றமெண்டு ஆர் சொன்ன? பொம்புளையளுக்குக் கடக்கரையில என்ன தேவை?"

"ஒரு தேவையுமில்ல. தேத்தண்ணி குடிக்கிற, கதைக்கிற, சிரிக்கிற."

"அத ஊட்டுக்குள்ள இருந்து செய்யலாந்தானே!"

"கடக்கரையில அடிக்கிற பந்த ஒங்கட மகனும் ஊட்டுக்குள்ள அடிக்கலாந்தானே?"

முகம் சிவந்தது. "கூடக் கதைக்காத, தம்பி" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தேவையாம்... தேவை!

ராத்தாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் உம்மாவைச் சுனாமி கொண்டுபோனது. அதன் பிறகு பல வருடங்கள் ராத்தா கடல் பக்கம் முகம் திருப்பவில்லை. இப்போதுதான் அலையைப் பார்த்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியிருந்தார். இதைச் சொல்லியிருந்தால் தலைவர் இரங்கியிருப்பார். 'பாவம், அவ மட்டும் போகட்டும்' என்றிருப்பார்.

அன்று முற்றத்தில் நான் அதைச் சொல்லவில்லை. இந்தப் பத்திக்குக் கேட்டபோது ராத்தா சொன்னது இவ்வளவுதான்: "எழுது. கெஞ்சி மட்டும் எழுதாத."

அழுது காட்டி வாங்கினால் அது அனுமதி. ஜெசீமாவுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. வேலை முடிந்தது, காற்று வருகிறது, போகிறார். அப்படிப் போக முடிந்தால்தான் அது சுதந்திரம். சந்தோஷத்தைத் தேடிப் போவது என்ன பெரிய பயணமா? பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனையில் இருக்கும் கரைவரை நடப்பது. அதற்குமா ஒருவரிடம் காரணம் ஒப்புவிக்க வேண்டும்?

தலைவரே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அதே மைக்கைப் பிடியுங்கள். உங்கள் மகன் பந்தடிக்கிற மணலில் என் ராத்தா சிரித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஊருக்குச் சொல்லுங்கள்.

மைக் கரகரத்தால் ஊரே கை வேலையை விட்டுவிட்டுக் கேட்கும். கேட்கக் காத்திருக்கிறோம்.