பனிக்குள் நின்ற லாத்தா

பேட்டையில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் பட்டறையின் ஷட்டர் அகலம் குறைவு. அதன் வழியாக வெளியே வந்து, மினி லாரியில் ஏறி, பிறகு வாய்க்காலுக்குள்ளும் போய்வர வேண்டும் என்று யோசித்துத்தான் அவர் அந்தப் படகைச் செய்தார். அதனால் அது படகு மாதிரி இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைத்த பீரோ மாதிரி இருந்தது. நீளம் மட்டும் தாராளம். மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் சுருட்டி இறக்குகிற தார்ப்பாய், பின்னால் ஒரு பழைய டீசல் இன்ஜின். வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராக இருந்துவிட்டு வந்த மனுஷர். ஊரில் கேட்டும் கிரில்லும் அடித்து அலுத்துப்போயிருந்தார். தையல் மிஷின் போட வீட்டில் இடமில்லை என்று எனக்குச் சொன்னவர், இதை நிறுத்துவதற்கு ஒரு தோட்டத்தையே பிடித்துவிட்டார்.

தோட்டம் அவருடைய சிநேகிதருடையது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே ஆற்றங்கரையில் வாழை போட்டிருக்கிறார். நாங்கள் அண்ணாச்சி என்போம். லீவு விட்டால் அரிசி, அடுப்பு, போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவோம். நாள்கணக்கில் படகிலேயே கிடப்போம். ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் இருக்கும்படி வரிசையாகப் படுக்கவேண்டும். நடுவில் படுத்தவர் எழுந்தால் எல்லாரும் எழுந்தாக வேண்டும். ஒருமுறை வாய்க்காலுக்குள் விட்டுப் பார்த்தோம். பாலத்துக்கு அடியில் கூரை மாட்டிக்கொண்டது. துணி துவைக்க வந்த பெண்கள்தான் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். இன்னொரு முறை ஆசைப்பட்டு ஆழ்வார்திருநகரிப் பக்கம் இறக்கினோம். அது மணலில் ஏறி நின்றுவிட, அண்ணாச்சி டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார். "கப்பக்காரம்மா வாராவ" என்று கரையில் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒரே பெருமை.

ஆனால் அணைக்கட்டுக்கு மேலே நிற்கும் அந்தத் தண்ணீரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. திருநெல்வேலியில் படித்துறையில் குளிக்கிறவர்கள் பார்த்திருக்கும் ஆறு வேறு. அது ஓடும். இங்கே அகன்று, சத்தமில்லாமல் கிடக்கும். மேலே அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மெத்தை போட்டதுபோல மூடியிருக்கும். ஊதா நிறத்தில் பூவும் பூத்திருக்கும். அந்த மெத்தைகள் நகரும். நகர்வதை யாரும் பார்க்கமுடியாது. சாயங்காலம் வெட்டவெளித் தண்ணீராக இருந்த இடம், விடிந்தால் பச்சைப்பசேல் என்று இருக்கும். அதன்மேல் நிற்கிற கொக்கு காலை அசைக்காமலே நம்மைக் கடந்து போகும். சில நேரம் செடிக்கு அடியிலிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல ஒரு சத்தம் வரும். "சேத்துல அடைபட்ட காத்துளா" என்பார் வீட்டுக்காரர். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

தண்ணீர்ப் பக்கம் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் ஏன் என்று கேட்கவேண்டும். எங்கள் உம்மா என்னையும் என் அக்காவையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார். மனுஷர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள், மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் என்பார். அண்ணாச்சி வீட்டிலும் இதே வழக்கம் உண்டு என்பதால் படகில் இதைப்பற்றித் தகராறே வந்ததில்லை. டீ கேட்பதற்குக்கூட என் வீட்டுக்காரர் "ஏளா, ஏளா, ஏளா" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். எங்கள் பக்கம் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண்களை நான் கண்டதில்லை. எல்லா வீட்டிலும் "ஏளா"தான்.

லாத்தா என் அக்கா. எனக்கு ஒரே அக்கா. மழைக்காலத்துக்கு முன்னால் மச்சான், அதாவது அவள் கணவர், கடையில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா முடிந்து, வெளியே வரலாம் என்ற பிறகும் அவள் வாசலுக்குக்கூட வரவில்லை. நான் விடுவேனா. படகில் கொண்டுபோய் நாலு நாள் காற்று வாங்க வைத்தால் சரியாகிவிடும் என்று எல்லாரிடமும் பெரிய டாக்டர் மாதிரி சொல்லிக்கொண்டு இழுத்துப் போனேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் நாங்களும் அண்ணாச்சியும் மட்டும்தான். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தாள். மீன் குழம்புக்குப் புளி அதிகம் என்று என்னைத் திட்டினாள். அவள் திட்டியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று படகைக் கரையோரம் நாணல் புதருக்குப் பக்கத்தில் கட்டினோம்.

மார்கழி மாதம். விடிந்தும் விடியாமலும் கண்விழித்தால் தார்ப்பாய்க்கு வெளியே வெள்ளையாக இருந்தது. அப்படியொரு பனியை நான் அங்கே பார்த்ததில்லை. படகின் முன்பக்கமே தெரியவில்லை. லாத்தா படுத்த இடத்தில் போர்வை மடித்து வைத்திருந்தது. தொழுகை விரிப்பைக் காணோம். விடிகாலைத் தொழுகைக்கு, சுபுஹு தொழக் கரையில் இறங்கியிருப்பாள் என்று நினைத்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

வீட்டுக்காரர் எழுந்து, படகு ஆடுகிறதே என்று கயிற்றை இழுத்துப் பார்த்தார். கயிறு கனமில்லாமல் கையோடு வந்தது. முனையில் நாணல் வேரோடு தொங்கியது. அண்ணாச்சி அந்த வேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு பைய, "நாம கட்டுனது கரையில்ல வே. அமலையில மண்ணு சேந்து நாணல் முளைச்ச திட்டு. பிச்சுக்கிட்டு நகந்துட்டு" என்றார்.

எங்களுக்குத் தெரியாமல் நாங்கள் எவ்வளவு தூரம் வந்திருந்தோம் என்று தெரியாது. லாத்தா கரை என்று நினைத்து இறங்கிய இடமும் கரைதானா என்று தெரியாது. அவளுக்கு நீச்சல் தெரியாது. அணைக்கட்டைத் தாண்டி விழுகிற தண்ணீரின் இரைச்சல் முன்னாலும் கேட்டது, பின்னாலும் கேட்டது. போனில் அவளைக் கூப்பிட்டேன். அவளுடைய தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

"லாத்தா" என்று கூப்பிட்டேன். மூன்று தடவைக்கு மேலேயே கூப்பிட்டேன். பதில் இல்லை. என் வீட்டுக்காரர் "மைனி, மைனி" என்றார். அண்ணாச்சி "தாயி" என்றார். இன்ஜினைப் போட்டால் சத்தத்தில் எதுவும் கேட்காது, அவள் தண்ணீரில் கிடந்தால் அடியில் சுழலும் விசிறியும் ஆபத்து என்று இரண்டு பேரும் பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார்கள். நான் முன்னால் குத்தவைத்து, பனிக்குள் பார்த்துக்கொண்டே கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. பயத்தில் அவள்மேலேயே கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினால் என்ன.

பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டோம். கழியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அமலைக்கு அடியில் அந்த மூச்சுச் சத்தம் ஒருமுறை வந்தது.

"ஏளா."

ஆண் குரல். அவசரமில்லாமல், உள்வீட்டிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. என் வீட்டுக்காரர்தான் என்று நினைத்தேன். நான் திரும்பவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடியும், இந்தமுறை இழுத்து, "ஏளா" என்றது. பொறுமை போய்விட்டது.

"என்னா? இங்கனதான இருக்கேன். என்ன வேணும் இப்ப?" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு இரைச்சல்கூட நின்றது போல எனக்குத் தோன்றியது. பின்னாலிருந்து வீட்டுக்காரர் தணிந்த குரலில், "யார்ட்டளா பேசுதே?" என்று கேட்டார். நீங்கள்தானே கூப்பிட்டீர்கள் என்றேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லையாம். மூன்றாவது தடவைக்குக் காத்திராமல் பதில் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயில் வந்த ஓதலையெல்லாம் ஓதினேன்.

அப்போது வலப்பக்கம், கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், ஒரு பெண் அழுவது கேட்டது.

லாத்தா இடுப்பளவு அமலைக்குள் நின்றுகொண்டிருந்தாள். தொழுகை விரிப்பு தோளில் நனைந்து கிடந்தது. முகம் எங்கள் பக்கம் இல்லை. செடி முடிந்து தண்ணீர் வெறுமையாகத் தெரிந்த பக்கம் பார்த்து நின்றாள். நாங்கள் பிடித்து இழுத்தபோது காலடியில் சேறு அவளை விட மனசில்லாமல் விட்டது. நான் சேலை மாற்றிவிட்டு, போர்வையைச் சுற்றி, டீயைக் கையில் கொடுத்தேன். குடித்தாள்.

"அக்கரையில எவனாவது பொண்டாட்டியக் கூப்பிட்டிருப்பான், தாயி" என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார். "பனிக்குள்ள சத்தம் கிட்டக்க கேக்கும்." அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானும் சொன்னேன். வெயில் ஏறிப் பனி விலகியதும் அக்கரையைப் பார்த்தேன். தலைசாய்ந்த வாழைகள் மட்டும்தான் நின்றன. அணைக்கட்டின் சுவர் நான் நினைத்ததைவிட வெகு பக்கத்தில் இருந்தது. லாத்தா நின்ற இடத்திலிருந்து அது வரைக்கும் வெறும் தண்ணீர்தான்.

ஆண்கள் இரண்டு பேரும் படகைத் திருப்புவதில் இருந்தார்கள். லாத்தா என் பக்கம் திரும்பினாள். அழுத முகமாக இல்லை, தெளிவாக இருந்தது.

"ரெண்டு தடவ கூப்பிட்டாஹ" என்றாள். "மூணாவது தடவயும் கூப்பிட்டா அவுஹளேதான்னு நினைச்சுக்கிட்டு நின்னேன். போயிருப்பேன். அதுக்குள்ள நீ ஏன்னு கேட்டுட்டே."

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இவள் என்னை வளர்த்தது, கல்யாண வீட்டில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நான் அழுதது, இத்தனை மாதம் இவள் வீட்டு வாசலில் போய் நின்றது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. செத்துப்போன ஒரு மனுஷரோடு எனக்குப் போட்டி.

"நான் தொண்டை கிழியக் கத்துனேனே. அது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றாள். டீ கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, என் முந்தானையை இழுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ எப்ப வேணும்னாலும் கூப்பிடுவேல்லா."