கங்காணிக் கல்லின் முன் ஒரு பெரட்டு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் கிளம்பிய பேருந்து, தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறி, மதியம் இரண்டு மணிக்குத் தானா ராத்தாவில் என்னை மழையில் இறக்கிவிட்டது. கட்டணம் நாற்பது ரிங்கிட். வளைவுகளில் வயிற்றைப் புரட்டியதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

நான் முசிறிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் பூட்டனார் காளிமுத்து இந்த மலையில் கங்காணியாக இருந்தவர். ஊரில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றி, தேயிலைத் தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவர். எங்கள் கூடத்தில் தலைப்பாகையும் கோட்டும் பிரம்புமாக அவர் படம் தொங்குகிறது. வெள்ளிதோறும் விளக்கு ஏற்றுவோம். வீட்டில் யார் வெளியூர் போனாலும் அந்தப் படத்தின் முன் நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். நானும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வந்த காரணம் ஒரு முகநூல் பதிவு. சரஸ்வதி என்ற தோட்டத் தொழிலாளி, மஞ்சள் துண்டு கட்டிய ஒரு கல்லைப் படமெடுத்துப் போட்டு, 'முசிறி காளிமுத்துக் கங்காணி சாமி. இவருக்கு ரத்த சொந்தம் யாராவது இருந்தால் தயவுசெய்து வரவும்' என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடு மீட்டு மடிந்த வீரனுக்கு நடுகல் நட்டார்கள், ஏரி வெட்டிய அரசனுக்கு விளக்கு வைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவனுக்குத் தன் குடும்பத்திலேயே ஒரு நடுகல் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? சாத்துவதற்கு ஒரு பட்டு வேட்டியும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். முதலாளி எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"கங்காணி கல்லா? அங்க வேண்டிக்கிட்டு யாரும் போனதா நான் கேட்டதில்ல அண்ணே. பயந்துக்கிட்டுப் போனவங்கதான் லா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

மாலை மூன்றரை மணிக்கு சேகர் வந்தார். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர். என்னைக் கூட்டிவரச் சொல்லி சரஸ்வதி அனுப்பியவர். திரிங்காப் வரை மலைச்சரிவு முழுவதும் காய்கறித் தோட்டங்களின் நெகிழித்தாள் கூரைகள். மழையில் அவை அழுக்குத் தண்ணீர் தேங்கிய குளங்களாகத் தெரிந்தன. கோலா தெர்லா தாண்டித் தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் ஒரு கூர்மையான வளைவு. அங்கே சேகர் ரேடியோவை அணைத்தார். சாலையோரக் கம்பித் தடுப்பில் காய்ந்த மாலை ஒன்று நனைந்து தொங்கியது.

"சரஸு அக்கா மவன் கோபி. போன வருசம்" என்றார்.

ஐந்து மணிக்குத் தோட்டத்து லைன் வந்தது. வரிசையாக இருபது வீடுகள். ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. கொழுந்து பறிப்பவர்கள் இப்போது நேப்பாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குப் புதுக் குடியிருப்பு இருக்கிறது. பழைய லைனை இடிக்கப் போகிறார்களாம். சரஸ்வதியின் சாமான்கள் மூன்று மூட்டைகளாகக் கட்டித் தயாராக இருந்தன. தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மாதக் கடைசிக்குள் லைனைக் காலி செய்ய வேண்டும்; இன்னும் நான்கே நாள்.

அவருக்கு ஐம்பது வயது சொல்லலாம். தேநீர் கொடுத்தார். வீட்டில் அவர் படத்தின் முன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியூர் கிளம்புவோம் என்று சொல்லி, நான் பெருமையோடு கைப்பேசியில் பூட்டனார் படத்தைக் காட்டினேன். பிரம்பைப் பார்த்தவுடன் அவர் எழுந்து நின்று, தூக்கிச் செருகியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"எங்க தாத்தா இவரு பெரட்டுல நின்னவரு அண்ணே" என்றார். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. "பேரு சொன்னா 'இருக்கேன்'னு சொல்லணும். இல்லாதவன லைன்ல போய் இழுத்துட்டு வருவாரு. காய்ச்சல்னாலும் பெரம்புதான். தோட்டத்த விட்டுப் போவணும்னா ஏட்டுல நம்ம பேர அவரு அடிக்கணும். அவரு யாரு பேரையும் அடிக்கல."

"அப்புறம் எப்படிச் சாமியானார்?"

"செத்துட்டாரு. மறுநா விடிஞ்சதும் எல்லாரும் பெரட்டுக் களத்துல போய் நின்னுட்டாங்களாம். கூப்பிட ஆளில்ல. கலைஞ்சு போகவும் பயம். கடசில அவரு நிக்கிற எடத்தப் பாத்து அவங்களே அவங்க பேரச் சொல்லிட்டு வேலைக்குப் போனாங்க. நாலு நா கழிச்சு அங்க ஒரு கல்ல வச்சாங்க. அன்னைலேர்ந்து தெனம் சொல்றோம்."

என் நடுகல் அங்கேயே இடிந்து விழுந்தது. அரசர்களையும் வீரர்களையும் மக்கள் ஏன் கும்பிட்டார்கள் என்று இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் காரணங்கள் எழுதியிருக்கிறேன். கலைந்து போகப் பயந்து கும்பிட்டார்கள் என்று ஒருநாளும் எழுதியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கோபிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததாம். 'கல்லுக்கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்க முடியாதும்மா' என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். அந்த வளைவு வரைதான் போனான்.

"மத்தவங்களும் சொல்லாமத்தான் போனாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆச்சு" என்றார் சரஸ்வதி. "நீங்க அவரு ரத்தம். என் பேர அடிச்சு விடுங்க அண்ணே. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"இது மனப்பயம்மா" என்றேன், வாத்தியார் குரலில்.

"மனப்பயந்தான். நா இல்லேன்னா சொன்னேன்? அதையும் அவருதானே வச்சிட்டுப் போனாரு."

பக்கத்துக் காலி வீட்டில் படுத்தேன். குளிரில் தூக்கம் வரவில்லை. கல்லின் முன் நின்று பெயரை அடித்தால், எங்கள் வீட்டுப் படத்தில் மாலைக்குள் இருப்பவர் உண்மையில் யார் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுத்தால் இந்த அம்மா இடியும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

சனிக்கிழமை காலை ஆறரை. பனிமூட்டத்தில் களம் அரைகுறையாகத் தெரிந்தது. ஓரத்தில் முழங்கால் உயரக் கல். பக்கத்தில் சாய்த்து வைத்த ஒரு பிரம்பு. சரஸ்வதி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றார்.

"சரஸ்வதி. இருக்கேன்."

பிறகு, "கோபிநாத்" என்றார்.

பதிலுக்குக் காத்திருந்தார். வகுப்பில் வராத பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்ப்போமே, அதே அளவு நேரம். ஒரு வருடமாகத் தினமும் இப்படிக் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"அவன் பேரையும் சேத்து அடிங்க அண்ணே. போகாம இங்கயே நிக்கிறான்."

நான் கல்லுக்குப் பக்கத்தில், பூட்டனார் நின்ற இடத்தில் நின்றேன். வருகைப் பதிவேட்டுக் குரல் எனக்குப் பழக்கம்தான்.

"சரஸ்வதி. பேரு அடிச்சாச்சு. போகலாம்."

அவர் தலைகுனிந்தார்.

"கோபிநாத். பேரு அடிச்சாச்சு. போப்பா."

சரஸ்வதி சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன். பிரம்பை எடுத்து முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தேன், ஒடியவில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்த பிரம்பு. தேயிலைச் சரிவில் வீசி எறிந்தேன். கல்லுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அங்கே வழக்கமாம். சரஸ்வதி திரும்பி, முதுகைக் காட்டியபடியே நடந்து போனார். பட்டு வேட்டி பையிலேயே கிடந்தது.

எட்டு மணிக்குச் சேகரின் லோரி. மூட்டைகள் பின்னால், நாங்கள் மூவரும் முன்னால். லைன் பனியில் மறைந்தது. வளைவு நெருங்கியதும் சரஸ்வதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. சேகர் மாட்டுவண்டி வேகத்தில் திருப்பினார். மாலை, கம்பி, ஈரமான தார்ச்சாலை. எதிரே எதுவும் வரவில்லை. வளைவு முடிந்ததும் பிடியை விட்டார்.

"தாண்டிட்டோம்" என்றார் சேகர்.

தானா ராத்தாவில் தாப்பா பேருந்துக்கு மூட்டைகளை இறக்கிக் கொடுத்தேன். என் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஊரில் மனைவி கேட்பாள், கல்லுக்கு அபிஷேகம் நடந்ததா, திருநீறு கொண்டுவந்தீர்களா என்று. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

படியில் கால் வைத்த சரஸ்வதி திரும்பினார்.

"அண்ணே, நேத்து சொன்னீங்களே. உங்க வீட்டுலயும் வெளிய கெளம்புறப்ப அவரு படத்துக்கிட்டப் பேரு சொல்லுவீங்கன்னு."

"ஆமாம்மா."

"அங்க உங்க பேர யாரு வந்து அடிப்பா?"

பேருந்து கிளம்பிவிட்டது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.