கட்லட்டில் இருந்த முள்

அன்று தம்பியின் தொண்டையில் சிக்கிய முள் என் கிண்ணத்து மீனில் இருந்ததா, அம்மாவின் கிண்ணத்திலா? இன்றும் தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், மகளுக்குக் கட்லட் செய்ய அவித்த கெம்போங் மீனை உதிர்க்கிறேன். அந்த வாசனையில் கிள்ளான் வீடு வந்துவிடுகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் நானும் ஆளுக்கொரு கிண்ணத்தில் முள் எடுத்தோம். கட்லட்டை முதல் கடி கடித்ததுமே தம்பி இருமினான், கண்கள் பிதுங்கின. சோற்று உருண்டையை விழுங்கிய பிறகே முள் இறங்கியது.

“யாரு முள்ளு பார்த்தது?” அப்பா கத்தினார்.

“ரெண்டு கிண்ணமும் நான்தான் பார்த்தேன் லா, போதுமா?” என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

“அம்மா, இன்னுமா? பசிக்குது லா!” மகள் கூப்பிடுகிறாள்.

நான்காவது முறையாக விரலால் தடவுகிறேன். மீன் உதிர்க்கும்போது, இனி முள் இல்லை என்று நீங்களெல்லாம் எப்படி நம்புகிறீர்கள்? சொல்லுங்களேன், அடுப்பில் தோசைக்கல் காய்ந்துவிட்டது.