சிகரெட் போலீஸின் நெஞ்சுப் படம்

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிகரெட் போலீஸ். நோயாளி வந்து படுத்ததும் மோப்பம் பிடித்து, இன்றைக்கு எத்தனை என்று விசாரிப்பார். ஒரு பாட்டம் திட்டி முடித்த பிறகுதான் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். அவரே ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் தினம் நாலு ஊதிவிட்டு, மிட்டாய் மென்றபடி வருகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போன வருடம் நுரையீரல் டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். இன்று நன்றாக இருப்பவரின் ஸ்கேனை வைத்தே, பின்னாளில் யாருக்குத் தீராத மூச்சிரைப்பு வரும் என்று கணிக்க முடியுமா என்று பார்ப்பது. ஒப்பிட, புகையே தொடாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். டாக்டர் எல்லார் முன்னாலும் நம்ம போலீஸைத்தான் கூப்பிட்டார். மறுத்தால் குட்டு உடைந்துவிடும். படிவத்தில் 'ஒருபோதும் புகைத்ததில்லை' என்று டிக் அடித்துவிட்டுப் படுத்தார் மனிதர்.

மூச்சை வெளியே விட்டபின் எடுத்த படத்தில், போகவேண்டிய காற்று அங்கங்கே தேங்கி நின்றது. நுரையீரலின் சின்ன மூச்சுக் குழாய்கள் கெட ஆரம்பித்திருக்கின்றன, இப்படியே போனால் நிரந்தர நோயாகலாம் என்றார் டாக்டர். புகைக்காதவருக்கு எப்படி வந்தது என்று குழம்பி, வீட்டில் தூசு உண்டா என்று கேட்டார். மனைவி துணி தைக்கிறாள் என்று சொல்லித் தப்பித்தார் இவர். வீட்டிலும் அதையே சொன்னார்.

அந்த அம்மா அன்றே தையல் மிஷினை மொட்டைமாடிக்கு மாற்றி, மூன்று மாதம் வெயிலில் தைத்தார். அப்படியும் மனசு கேட்காமல், தன் தங்கைக்கே கொடுத்துவிட முடிவெடுத்தார். மிஷினை இறக்க நானும் கை கொடுக்கப் போயிருந்தேன். பாதிப் படியில் போலீஸ் அதை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தூசு இல்ல. நான் சிகரெட் பிடிக்கிறேன்."

"எத்தன வருஷமா?" என்றார் அந்த அம்மா.

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

வெட்கத்தில் மனிதர் கூனிக் குறுகிப் போனார். எனக்கே அங்கே நிற்கக் கூசியது. அந்த அம்மா கத்தவில்லை.

"என் துணியில ஒட்டின நூலு பிள்ளைங்க வழியாகூட உங்க நெஞ்சுக்குள்ள போயிடும்னு, மூணு மாசமா அவங்களயும் கிட்ட சேக்காம தனியா படுத்தேங்க."