சாம்பல் புதன் வரை தண்ணீர் கூடாது

போன வாரம் குன்னூரில் ஒரு கடை வாசலில் வீண் சண்டை போட்டுவிட்டு வந்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கள்ளிச் செடி விற்கிற கடை. உள்ளங்கை அளவுச் சட்டிகள், ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு உருண்டைக் கள்ளி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூ. ஊட்டியில் கொத்துக் கொத்தாகக் கட்டி விற்பார்களே, தொட்டால் சரசரக்கும் காய்ந்த பூ, அதைக் கிள்ளிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நம்பாமல் ஒன்றை லேசாக இழுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இறுகிப்போன பசைத் துளியோடு கையில் வந்துவிட்டது.

கடையில் இருந்த பெண் கோபப்படவில்லை. "பூ இல்லாட்டி யாரும் வாங்க மாட்டேங்கறாங்கக்கா. இது வாடவும் வாடாது பாருங்க" என்றாள். செடி மூச்சுவிடுகிற இடத்தில் பசையை ஊற்றி வைத்திருக்கிறாயே, வாங்குகிறவரை ஏமாற்றுகிறாயே என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். கடைசியில் வெட்கம் தாங்காமல் அதே செடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் பாதி வழி வருவதற்குள் கோபம் அந்தப் பெண்ணைவிட்டு என் மேலேயே திரும்பிவிட்டது. கள்ளியை வைத்து ஏமாற்றுவதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் பிறந்தது பல்லடம் பக்கம். எங்களுக்குக் கள்ளி என்றால் வேலி. திருகுகள்ளியை ஒடித்து நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் அடுத்த வருடம் ஆள் உயரத்துக்கு நிற்கும். பால் கண்ணில் தெறித்தால் அவ்வளவுதான் என்று அம்மா கத்துவார். அதற்குத் தண்ணீர் ஊற்றின ஆளை எங்கள் ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரி கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் நீலகிரி மலையில் கட்டபெட்டு. கணவருக்கு டீ ஃபேக்டரியில் வேலை. எனக்கு எஸ்டேட் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. ஃபேக்டரிக்குப் பின்னால் பள்ளத்தில் குவார்ட்டர்ஸ். ஜூன் மாதம் மூடிய மஞ்சு ஆகஸ்டில்தான் விலகும். உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். கல்யாணச் செருப்பில் பச்சைப் பூசணம் பூத்திருந்ததைப் பார்த்து நான் அழுதேன் என்று என் கணவர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார். அழவில்லை, திட்டினேன்.

அந்தப் பூசணக் காட்டில், எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வரிசையாகக் கள்ளிச் சட்டிகள். ஸ்டெல்லா டீச்சருடையவை. எஸ்டேட் ஸ்கூலில் கணக்கு எடுப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தனியாக இருந்தார். சொந்த வீடு ஊட்டி ஃபெர்ன்ஹில்லில். இதையெல்லாம் எங்கள் ஊரில் அரிவாளால் வெட்டி எறிவோம் என்று முதல் நாளே சொல்லி வைத்தேன். அடுத்த தடவை ஊருக்குப் போனால் எறிகிற இடத்தைக் காட்டச் சொன்னார், தானே வந்து பொறுக்கிக்கொள்வதாக. அப்படித்தான் பழக்கமானோம்.

அந்த மலையில் கள்ளி வளர்ப்பது கிட்டத்தட்ட வம்பை விலைக்கு வாங்குவது. செங்கல் தூளும் ஆற்று மணலும் கலந்து, ஃபேக்டரி அடுப்பிலிருந்து என் கணவர் கொண்டுவரும் கரித்துண்டுகளை அடியில் போட்டு டீச்சர் சட்டி நிரப்புவார். மழைக்காலத்தில் எல்லாச் சட்டியும் விறகடுப்புக்கு மேலே உள்ள பலகைக்கு ஏறிவிடும். சமையலறையில் ரசமும் கள்ளியும் சேர்ந்து ஒரு வாசனை வரும், இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு சட்டியிலும் ஒரு ஐஸ் குச்சி குத்தியிருப்பார். அதில் செடியின் பெயர் இருக்காது, கொடுத்தவர் பெயர் இருக்கும். 'போஸ்ட்மேன்', 'சோலூர் மேரி', 'ஆஸ்பத்திரி நர்ஸ்' என்று. செடிக்கு என்ன பேர் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, யார் கொடுத்தது என்று மறந்துவிட்டால் பாவம் என்பார்.

எனக்கும் ஆசை வந்தது. தாய்ச் செடியிலிருந்து பிரித்து அவர் தந்த குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொன்றேன். முதலாவதற்கு நல்ல சத்தாக இருக்கட்டும் என்று டீத்தூள் சக்கையைப் போட்டேன், ரோஜாவுக்குப் போடுவது போல. இரண்டாவதைத் தினமும் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாவது ஏன் செத்தது என்று இன்றுவரை தெரியவில்லை, அதுதான் எரிச்சல். என் கையில் எது பசியோடு இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. கணவரின் தொப்பையும் அதற்குச் சாட்சி.

டீச்சரிடம் 'அப்பா' என்று குச்சி குத்திய சட்டி ஒன்று இருந்தது. வெள்ளை முள் மூடிய உருண்டை, சின்னத் தேங்காய் அளவு. அவருடைய அப்பா நெல்லிக்காய் அளவில் யாரிடமோ வாங்கி வளர்த்தது. அவர் இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஈஸ்டர் சமயத்திலும் அதன் தலையைச் சுற்றி வளையமாக ரோஸ் நிறத்தில் பூக்கும். அப்பா போன பிறகு வந்த முதல் ஈஸ்டரில் டீச்சர் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் பஸ்ஸில் போய், கல்லறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். வெட்டின பூவை வைக்க மனசு வரவில்லையாம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் டீச்சரை ஏதோ பயிற்சிக்காகக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். நாலு மாதம். மற்றச் சட்டிகளை ஃபெர்ன்ஹில்லுக்கு அனுப்பிவிட்டு, 'அப்பா'வை மட்டும் என்னிடம் கொண்டுவந்தார். மற்றவை எப்படியோ பிழைத்துக்கொள்ளும், இதைப் பக்குவமாகப் பார்க்க ஃபெர்ன்ஹில் வீட்டில் ஆள் இல்லை, கீழே கோயமுத்தூருக்குக் கொண்டுபோனால் குளிர் கிடைக்காது, குளிர் கிடைக்காவிட்டால் பூக்காது. என்னைப் பற்றித் தெரிந்தும் என்னை நம்பினார் பாருங்கள்.

"ஒண்ணுமே செய்ய வேண்டாம் கண்ணு. சாம்பல் புதன் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. சுருங்கும். சுருங்குனா சுருங்கட்டும்" என்றார்.

தீபாவளி முதல், ஈஸ்டருக்கு நாற்பது நாள் முன்னால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வரை. இதைவிடச் சுலபமான வேலையை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. மார்கழியில் அது சுருங்க ஆரம்பித்தது. பச்சை மங்கி, இடுப்பு உள்ளே போய், பட்டினி கிடந்தவன் முகம் மாதிரி ஆனது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் அதன் முன்னால்தான் நிற்பேன். சொன்னதை மட்டும் செய் என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு நாள் ஒரு ஸ்பூன் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இரண்டு ஸ்பூன். கொஞ்சம் தெளிந்தது போலக்கூட இருந்தது. எனக்கா கள்ளி வளர்க்கத் தெரியாது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் வந்தது.

தை மாதம் ஒரு நாள் வெயிலுக்காகச் சட்டியை மதில் மேல் வைத்தவள் எடுக்க மறந்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் பள்ளம் முழுக்க வெள்ளை. உறைபனி. 'அப்பா' மேலும் முள்ளுக்கு முள் வெள்ளை. எங்கள் மலையில் உறைபனி விழுந்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வெயில் வருவதற்கு முன்னால் செடி மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள். இல்லாவிட்டால் வெயில் பட்டு இலை கருகிவிடும். அன்றைக்கும் வரிசை வீடுகளில் எல்லோரும் பீன்ஸுக்கும் ரோஜாவுக்கும் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஓடிப்போய் மொண்டு ஊற்றினேன். பாவம் குளிருமே என்று வெந்நீர் கலந்து, வெதுவெதுப்பாக, தலையிலிருந்து, மூன்று செம்பு. சும்மா விட்டிருந்தால் அது அந்தப் பனியைத் தாங்கியிருக்கும். உலர்ந்து கிடந்த கள்ளியைப் பனி ஒன்றும் செய்யாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பத்து நாள் கழித்து ஒரு நாற்றம். விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. மேலே முள் எல்லாம் அப்படியே வெள்ளையாக இருந்தது, உள்ளே கூழ்.

டீச்சரிடம் சொல்லிவிடு என்றார் கணவர். சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? லீவு போட்டுவிட்டு ஊட்டியில் நர்சரி நர்சரியாக அலைந்தேன். கடைசியில் ஒரு இடத்தில் அதே அளவு, அதே வெள்ளை முள். என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டேன். "பூத்தாத்தானுங்க தெரியும்" என்றார் நர்சரிக்காரர். டீச்சரின் சட்டியிலேயே நட்டு, 'அப்பா' குச்சியைப் பழைய இடத்தில் குத்தினேன். டீச்சர் ஆபீசுக்குப் போன் செய்தபோது, நல்லாயிருக்குதுங்க, கொஞ்சம் சுருங்கியிருக்குதுங்க என்று கூசாமல் சொன்னேன்.

தவக்காலத்தில் திரும்பி வந்தார். சட்டியை இரண்டு கையாலும் வாங்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு சுற்று.

"தண்ணி ஊத்தினீங்களா கண்ணு?"

"இல்லீங்க டீச்சர்."

சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஈஸ்டர் காலையில் நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது டீச்சர் வெள்ளைச் சேலையில் வந்தார், கையில் அந்தச் சட்டி. தலையைச் சுற்றி வளையமாகப் பூத்திருந்தது. இளமஞ்சள். அவர் பூவைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருசம் அப்பாவுக்கு மஞ்சப் பூ" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அதற்குப் பிறகும் பேசினோம், கேக் கொடுத்தார், பொங்கல் கொடுத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் ஒரு கள்ளிக் குட்டிகூட எனக்குத் தந்ததில்லை. நானும் கேட்கவில்லை. அவர் ஒரு தடவை வாசலில் நின்று கத்தியிருந்தால் நான் ஒரு தடவை அழுதுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த மனுஷி அதற்கு வழியே விடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. தப்பு செய்தவளுக்கு இப்படி ஒரு கோபம் வரக்கூடாதுதான்.

ரிட்டயர் ஆகி அவர் ஃபெர்ன்ஹில் போன பிறகு ஒருமுறை பார்க்கப் போனேன். எப்படியாவது சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். கண்ணாடி ஜன்னலில் அந்த உருண்டை, நாலு குட்டியோடு. அவர் டீ போடப் போயிருந்தார். குனிந்து குச்சியைப் பார்த்தேன். 'அப்பா' இல்லை. 'பக்கத்து வீடு' என்று எழுதியிருந்தது. மை மங்கி, குச்சியே கறுத்துப் போயிருந்தது. நேற்று எழுதினதல்ல, பல வருடத்துக்கு முந்தியது. நிமிர்ந்தால் டீச்சர் டம்ளரோடு நிற்கிறார். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார். குடித்தேன். அடுக்கி வைத்த வார்த்தைகளையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

போன வருடம் டீச்சர் போய்விட்டார். சாவுக்குப் போன அன்று சட்டிகளைக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது வீடு சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற காட்டேஜ் ஆகியிருந்தது. டீச்சரின் அண்ணன் மகள்தான் நடத்துகிறாள். "அந்தச் சட்டிங்களா ஆன்ட்டி? முள்ளு குத்துதுன்னு எல்லாத்தையும் அள்ளிப் போட்டாச்சுங்க" என்றாள். ஜன்னலில் பிளாஸ்டிக் கள்ளி இரண்டு நின்றன. அந்த வீட்டிலும் விறகடுப்புக்கு மேலே டீச்சர் பலகை வைத்திருந்தார், அந்த இடத்தில் இப்போது ஓவன். கட்டபெட்டில் எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸும் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள்.

குன்னூர்ச் செடியின் தலையில் ஒட்டியிருந்த மிச்சப் பசையைப் பின்னூசியால் எடுத்துவிட்டேன். நடுவில் வடு விழுந்திருக்கிறது, பிழைக்குமா தெரியவில்லை. தண்ணீர் ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். ஐஸ் குச்சி ஒன்றைச் சீவிக் குத்தியும் வைத்தேன். ஸ்டெல்லா டீச்சர் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். ஆனால் அவர் எனக்கு இதைத் தரவில்லையே. இன்னொரு பொய் எதற்கு என்று குச்சியை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டேன்.