இரண்டு நாளில் ஒரு தெரு செய்த பம்பு

வார்னிஷ் காய்கிற வாசம் எங்காவது வந்தால் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்கிற வாசம்... கோயமுத்தூரில் கணபதி பக்கம் என் முதல் வேலைக்குப் போன காலையில் மூக்கில் ஏறியது.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு சரஸ்வதி அக்காவின் பம்பு பட்டறையில் சேர்ந்தேன். பத்துப் பேர், இரண்டு லேத், பின்பக்கம் ஒரு டெஸ்டிங் தொட்டி. பம்பை ஓடவிட்டு, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை.

கணவர் தவறியபின் அக்கா தனியாளாக நடத்திவந்த பட்டறை அது. பம்பெல்லாம் உள்ளூர் கடைகளுக்குத்தான் போகும். அந்த வருடம்தான் முதன்முதலாக ராஜஸ்தானிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியர் மிஸ்ராஜி நேரில் வந்தார். பத்து சாம்பிளில் மூன்றைத் தானே பொறுக்கித் தொட்டியில் போடச் சொன்னார்.

மூன்றுமே தேறவில்லை.

மீட்டரில் முள் காட்டுவதை நான்தான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். முதல் பம்பின் அளவைத் தாழ்ந்த குரலில்தான் வாசித்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"இருக்கறத எழுது கண்ணு."

எழுதினேன்... மூன்றையும்.

மிஸ்ராஜி தன்மையானவர். ஈரோட்டில் வேலை இருக்கிறது, ஊர் திரும்பும் முன் மூன்றாம் நாள் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றார். சரியாக இருந்தால் ஆர்டர். இல்லாவிட்டால் வேறு ஊர்.

பம்பைப் பிரித்தோம். உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அதை அறுத்துப் பார்த்தால், தண்ணீர் போகிற வழி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் இடுக்கு. வார்ப்புக்கான மர அச்சே தேய்ந்துபோயிருந்தது.

அச்சைச் சரிசெய்து, புதிதாக வார்த்து, லேத்தில் கடைந்து, சுற்றும்போது ஒரு பக்கம் இழுக்காதபடி பேலன்ஸ் பார்த்து, மாட்டி ஓட்ட வேண்டும். எல்லாம் இரண்டே நாளில்!

அச்சைத் தூக்கிக்கொண்டு நானும் அக்காவும் நடந்தோம். அடுத்த சந்தில் அச்சு வேலை செய்கிற பஷீர் பாய், கையிலிருந்த வேலையை ஓரம் வைத்துவிட்டு மதியத்துக்குள் சரிசெய்து கொடுத்தார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், உலோகத்தை உருக்கி வார்க்கிற பவுண்டரி. அன்றைய உலை வேறொரு கம்பெனிக்கானது. போர்மேன் அவர்களுக்கே போன் போட்டுக் கேட்டு, எங்களுடையதையும் கூடவே ஊற்றிவிட்டார். மறுநாள் காலை வார்ப்பு எங்கள் லேத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பேலன்சிங்தான் இடித்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த மிஷின் ஒருவரிடம்தான் இருந்தது... எதிர் கேட், துரைசாமி அண்ணன். அவரும் பம்பு செய்கிறவர். அதே ஆர்டரை அவரும் கேட்டிருந்தார். போதாததற்கு, ஏதோ ஒரு டீலர் விஷயத்தில் மனத்தாங்கலாகி, அக்காவுக்கும் அவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது.

அக்கா அவர் கேட்டில் போய் நின்றார். "ஏனுங்கண்ணா..." என்றதற்கு மேல் வரவில்லை. மீதியை நான் சொன்னேன்.

அண்ணன் இம்பெல்லரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பம்பு ஆகலைன்னா அந்தாளு என்றகிட்ட வருவாருன்னா நெனைக்கறீங்க அம்மணி? கோயமுத்தூர் பம்பே வேண்டாமுன்னு போட்டு வேற ஊருக்குப் போயிருவாருங்க. கொண்டாங்க இப்படி."

ஓடிக்கொண்டிருந்த தன் வேலையை நிறுத்திவிட்டு, பத்து இம்பெல்லரையும் அவரே உட்கார்ந்து பார்த்தார். ஒன்றைத் தள்ளி வைத்து, இதை மட்டும் மாட்ட வேண்டாம் என்றார். அக்கா அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அழவில்லை. அவரிடம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள். மிஸ்ராஜி மறுபடியும் மூன்றைப் பொறுக்கினார்.

முள் ஏறியது... நின்றது... அசையவில்லை. மூன்றும் தேறின. நான் வாசித்தது லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும்!

இரண்டு லேத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் எப்படி முடிந்தது என்று மிஸ்ராஜியால் நம்பவே முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்து, கூட்டிப்போய்க் காட்டு என்றார். பாயின் பட்டறை, பவுண்டரி, பெண்கள் வீட்டிலேயே காயில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வரிசை வீடு, கடைசியில் துரைசாமி அண்ணனின் மிஷின்... எல்லாம் நடந்தே காட்டினேன். பத்துப் பேர் பட்டறையால் பெரிய ஆர்டரைத் தாங்க முடியுமா என்று மிஸ்ராஜி முதலில் யோசித்தாராம். தெருவைப் பார்த்தபின் ஆர்டரை இரண்டு மடங்காக்கினார். பாதியை எதிர் கேட்டுக்கே கொடுக்கச் சொன்னது அக்கா.

முதல் லோடு போன அன்று, இரண்டு கேட்டிலிருந்தும் ஒரே லாரியில் பம்பு ஏறியது.

இப்போது சூலூர் பக்கம் எனக்கே சொந்தமாக ஒரு யூனிட் இருக்கிறது. அச்சைக் கம்ப்யூட்டரில் வரைகிறோம், டெஸ்ட் ரிப்போர்ட் தானாகவே பிரிண்ட் ஆகிறது, ஆப்பிரிக்காவுக்குக் கன்டெய்னர் போகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. என்ன, எதற்கும் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க வேண்டியதில்லை...

போன வாரம் ஒரு அவசர வேலை. எங்கள் மிஷின் நின்றுவிட்டது. கணபதிக்கு வண்டியை விட்டேன். பாதி பட்டறைகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. அந்த இடத்திலெல்லாம் அப்பார்ட்மென்ட். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

ஒரு ஷெட்டில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி நான் நீட்டிய டிராயிங்கை வாங்கிப் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வாங்கிக்கங்கக்கா" என்றாள்.

எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்கவில்லை.